முன்சாமியின்மேல் மட்டும் உதித்த சூரியன்

2013ஆம் ஆண்டின் மழைக்காலத்தில் ஆக்லாந்து நகரத்துப் பக்குரங்காவில் சூரியன் முன்சாமியின்மேல் மட்டும் உதித்தது. அந்த வாரம் காலிஃபிளவர் விலை ஏறியிருந்தது, வெங்காயம் அப்படியே இருந்தது, மற்றபடி சொல்லும்படி ஒன்றும் நடக்கவில்லை. ஜூன் மாதத்து ஆக்லாந்து எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்தது: காலையில் மழை, மதியம் மழை இளைப்பாறுவதற்காகத் தூறல், மாலையில் மறுபடி மழை. மீன்கள் சாலையில் நீந்தி வந்து பஸ் ஸ்டாப்பில் நின்றதாகச் சிலர் சொல்வார்கள். அது பொய். அவை பஸ் ஸ்டாப் வரைக்கும் வரவில்லை, ரவுண்டபவுட்டிலேயே திரும்பிவிட்டன. இத்தனை ஈரத்துக்கும் நடுவில் முன்சாமி மட்டும் ஒரு குடை அகல வெயிலுக்குள் நடமாடினார். அவர் நடந்தால் வெயிலும் நடந்தது, உட்கார்ந்தால் உட்கார்ந்தது. கூரையாவது தளமாவது என்று கடைகள் கூடிய பிளாசாவுக்குள்ளும் கூடவே வந்து, ஐஸ்கிரீம் வைத்திருந்த பக்கம் அவர் நின்று யோசித்த நேரத்தில் ஒரு வரிசை முழுவதையும் பாயசமாக்கியது. கவுன்சிலிலிருந்து ஓர் அம்மாள் டேப்போடு வந்து அளந்து பார்த்தார். ஆறடி உயரத்துக்குள் விழுகிற வெயிலுக்கு அனுமதி தேவையில்லை என்று சொல்லிவிட்டு, கைகளைக் கொஞ்ச நேரம் அதில் காயவைத்துக்கொண்டு போனார். அந்த ஜூலையில் நாடு முழுவதிலும் மூக்குத் தோல் உரிந்த மனிதர் முன்சாமி ஒருவர்தான்.

முன்சாமி பிஜித் தீவில் லம்பாசாவில் பிறந்தவர். நிலத்தடியில் வடிகால் குழாய் பதிப்பது தொழில். மனைவி காலமாகிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. ஒரே மனையை இரண்டாக வெட்டி முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று கட்டிய வீடுகளில் பின்வீடு அவருடையது. முன்வீட்டில் ஈப்போவிலிருந்து வந்த தனபாலனும் அவர் மனைவி வேதவள்ளியும் இருந்தார்கள். தனபாலன் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில், வீடு எரிந்துபோனதாகச் சொல்பவர்களின் வீடு உண்மையிலேயே எரிந்ததா என்று துப்பறியும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சாம்பலைக் கொண்டுவந்து காட்டினால், இது யார் வீட்டுச் சாம்பல் என்று கேட்பார். குடிவந்த அன்றே முன்சாமி வேலிக்கு மேலே தலையை நீட்டி அவரை அண்ணா என்றும் வேதவள்ளியை அண்ணி என்றும் கூப்பிட்டார். தனபாலனுக்கு அது பிடிக்கவில்லை.

"இங்க பாருங்க மிஸ்டர் முன்சாமி. எங்கம்மாவுக்கு நான் ஒரே புள்ளை. மிஸ்டர் தனபாலன்னு கூப்பிட்டா போதும்."

"சரிங்க மிஸ்டர் தனபாலன்," என்றார் முன்சாமி, ஒரு வருத்தமும் இல்லாமல். "அண்ணி, இந்தாங்க, தோட்டத்து டாலோ கிழங்கு. புளி போட்டு வேகவைங்க, நாக்கு அரிக்காது."

"அண்ணனே இல்லையாம், அண்ணி எங்கேருந்து லா வந்தா?" என்று ஈப்போவின் 'லா'வோடு வேதவள்ளி சிரித்தாள். அந்தச் சிரிப்பு பக்கத்துத் தெரு வரைக்கும் போய் அங்கே ஒரு நாயை எழுப்பியது. கல்யாணமான நாள்முதல் தான் சொன்ன எந்த நகைச்சுவைக்கும் அவள் அப்படிச் சிரித்ததில்லை என்று தனபாலன் யோசித்துப் பார்த்தார். அவர் நினைத்தது சரிதான்.

வேதவள்ளி வருஷா வருஷம், அந்த ஊருக்குக் கோடையான ஜனவரி வெயிலில் கூழ்வடகமும் மோர்மிளகாயும் போடுகிறவள். அந்த ஜனவரியில் ஒரு கல்யாணத்துக்காக ஈப்போவில் இருந்துவிட்டதால் டப்பாக்கள் காலியாகக் கிடந்தன. ரசத்துக்குத் தொட்டுக்கொள்ள ஒன்றுமில்லாத மழைக்காலம் அவளுக்கு அதுதான் முதல்முறை. ஜன்னல் வழியே பார்த்தால், ஒரு வட்ட வெயில் வீணாக நடந்து போய்க்கொண்டிருக்கிறது. மறுநாளே தட்டில் கூழை ஊற்றி எடுத்துக்கொண்டு பின்வீட்டு மரத்தள டெக்குக்குப் போனாள். தம்பி, இந்த நாற்காலியில் கொஞ்சம் உட்காருங்கள், அசையாதீர்கள் என்றாள். முன்சாமி உட்கார்ந்தார். மடியில் ஒரு தட்டு, தோளில் இரண்டு கொத்து மிளகாய். மைனாக்களை விரட்டவும் வடகத்தைத் திருப்பிப் போடவும் ஆள் வேண்டுமே, வேதவள்ளி பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டாள். சும்மா உட்கார முடியுமா, பேசினார்கள். பேசினால் முன்சாமிக்கு ஜோக் வரும், அவளுக்குச் சிரிப்பு வரும். சேதி பரவி, பக்கத்து வீட்டுச் சீனத்து அம்மாள் ஆரஞ்சுத் தோலைக் கொண்டுவந்து அவர் காலடியில் பரப்பினாள். தூரத்துத் தகனினியிலிருந்து யுவனேஸ்வரி என்ற இளம்பெண் கைக்குழந்தையின் துணிகளையெல்லாம் மோட்டார்வே வழியே ஏற்றிக்கொண்டு வந்து அவர் கையில் மாட்டிவிட்டுப் போனாள். முன்சாமி யாருக்கும் இல்லை என்று சொல்லவில்லை.

இதையெல்லாம் தனபாலன் கண்ணாடிக் கதவுக்கு இந்தப்பக்கம் நின்று பார்த்தார். அவர் மூச்சு பட்டுக் கண்ணாடி மங்கும், துடைப்பார், பார்ப்பார், மறுபடி மங்கும். பொறாமை மனிதனை எரிக்கும் என்பார்கள். தனபாலனை அது ஊறவைத்தது. அவர் பக்கத்துச் சுவரில் மட்டும் பூஞ்சை ஏறியது. செருப்பில் காளான் முளைத்தது, இடது தோளில் பாசி படிந்தது. அறையின் ஈரத்தை உறிஞ்சும் இயந்திரத்தின் வாளி மணிக்கொரு தரம் நிரம்பியது. அந்தத் தண்ணீரை ஊற்றிய எலுமிச்சை மரம் அந்த வருஷம் பாகற்காயின் கசப்போடு காய்த்தது. அவருக்கு முன்சாமியைக் கண்டு பொறாமை, நாற்காலியைக் கண்டு பொறாமை, விரட்டப்படும் மைனாவைக் கண்டும் பொறாமை. அது பக்கம் அவள் கையையாவது வீசுகிறாளே! சாப்பாட்டில் பொரித்த வடகம் வந்தது. அருமையாக இருந்தது. அதுதான் அவரால் தாங்க முடியாமல் போனது. அதன் ஒவ்வொரு மொறுமொறுப்பிலும் இன்னொருவனுடைய வெயில் இருந்தது.

ஆகஸ்டில் தோண்டும் சத்தம் கேட்கத் தொடங்கியது. மதியம் சாப்பிட்டுப் படுத்துக் கண் செருகினால் தரைக்கு அடியில் சரக், சரக் என்று கேட்கும். காதைக் கம்பளத்தில் வைத்துக் கேட்டபடியே தனபாலன் தூங்கிவிடுவார். எழுந்து பார்த்தால் தோள் இரண்டும் வலிக்கும், நகத்துக்குள் மண் இருக்கும். வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வார். துப்பறிந்து பழகிய மூளை மூன்றே நாளில் வழக்கை முடித்துவிட்டது: முன்சாமிக்கு நிலத்தடி அத்துப்படி, முன்சாமிக்கு வேதவள்ளிமேல் கண், ஆகவே முன்சாமி சுரங்கம் தோண்டி இந்த வீட்டுக்குள் வருகிறான்.

"தினம் வாசல் வழியாத்தானே டாலோ கொண்டாந்து கொடுக்கிறாரு. அவரு எதுக்குத் தோண்டணும்?" என்று கேட்டாள் வேதவள்ளி.

"அதாண்டி தந்திரம். வாசல் வழியா வர்றவன் தோண்ட மாட்டான்னு நாம நினைக்கணும்."

"தோண்டுறது நீங்கதாங்க. சாப்பிட்டுப் படுக்கிறீங்க, கண்ணை மூடிக்கிட்டே எந்திரிக்கிறீங்க, மண்வெட்டியை எடுத்துக்கிட்டு கராஜுக்குப் போறீங்க. டாக்டர்தான் உடம்பை அசைக்கச் சொன்னாரே, போகட்டும்னு விட்டுட்டேன்."

அவள் சொன்னது நிஜம். தெருவுக்கே தெரியும். அவர் கராஜுக்குப் பின்னால் மண் குவிந்து குவிந்து, மழை பட்டுப் புல்லும் முளைத்து, ஒரு சின்ன மலையாகியிருந்தது. ஆக்லாந்தில் ஏற்கெனவே ஐம்பது எரிமலைகள் இருப்பதால் இன்னொன்றை யாரும் பெரிதுபடுத்தவில்லை. ஆனால் தனபாலன், மனைவி சொன்னதைக் கேட்டு நெஞ்சில் கைவைத்துக்கொண்டார். "கள்ளனைக் காப்பாத்தப் புருஷன்மேலயே பழியைப் போடுறியா!" இனிமேல் அவருக்குச் சாட்சி வேண்டியிருக்கவில்லை. வேண்டியது அனுமதிதான்.

அனுமதி எதிர்வீட்டில் இருந்தது. அங்கே கப்லான் என்ற யூதர் குடியிருந்தார். ஜோஹன்னஸ்பர்க்கில் கண் பரிசோதித்துக் கண்ணாடி விற்றவர், ஓய்வு பெற்றபின் தினமும் காலையில் தங்கள் முன்னோரின் சட்டத்தை ஒரு பக்கம் படிப்பவர். சுரங்கம் தோண்டி வீட்டுக்குள் வருகிறவனைப் பற்றி உங்கள் சட்டத்தில் ஏதாவது உண்டா என்று தனபாலன் கேட்டதும் கப்லானின் முகம் மலர்ந்தது, அத்தனை வருஷமாக அந்தத் தெருவில் ஒருவரும் அவரிடம் அதைக் கேட்டதில்லை. உண்டு என்றார். தோண்டி வருகிறவனுக்கு, வீட்டுக்காரன் கையைக் கட்டிக்கொண்டு நிற்கமாட்டான் என்று தெரியும். தெரிந்தும் வருகிறான் என்றால், எதிர்த்தால் கொல்லவும் துணிந்தே வருகிறான். ஆகவே வீட்டுக்காரன் முந்திக்கொள்ளலாம். அடித்து அவன் செத்தாலும் ரத்தப்பழி இல்லை. "என்ன அருமையான சட்டம்!" என்று தனபாலன் சாலையைக் கடந்து ஓடினார். "பாதிதான் சொல்லியிருக்கிறேன், பாதிதான்!" என்று கப்லான் கூப்பிட்ட குரல் மழையோடு சாக்கடையில் போய்விட்டது.

தனபாலன் கராஜில் பழைய ஃப்ரீசரை நகர்த்திப் பார்த்தார். கீழே ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை. கள்ளன் வந்து சேர்ந்துவிட்டான்! அன்றுமுதல் மதியச் சாப்பாடு முடிந்ததும் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓட்டைக்கு முன் காவல் உட்கார்ந்தார். சாப்பாட்டுக்குப் பின் உட்கார்ந்தால் தூங்காமல் இருக்க அவரால் முடியாது. விழித்துப் பார்த்தால் கள்ளன் வந்திருக்கமாட்டான், சுரங்கம் மட்டும் இன்னும் நீண்டிருக்கும்.

பொறுமை போய் மறுபடி கப்லானிடம் போனார். இந்தத் தடவை மீதிப் பாதியைக் கேட்காமல் அனுப்புவதில்லை என்று கப்லான் கதவைச் சாத்திவிட்டு, வீட்டில் வைத்திருந்த பழைய பரிசோதனை நாற்காலியில் அவரை உட்காரவைத்தார். மீதி இதுதான்: தோண்டி வருகிறவன்மேல் சூரியன் உதித்திருந்தால், அவனைக் கொன்றவனுக்கு ரத்தப்பழி உண்டு.

"உங்க சட்டமும் அவன் பக்கந்தானா!" என்று தனபாலன் அலறினார். பல்லாயிரம் வருஷத்துக்கு முன்பே எவனோ முன்சாமிக்கென்று ஒரு வரியை எழுதிவைத்திருக்கிறான் என்ற பொறாமையில் அவர் தோளில் இருந்த பாசி பூத்தேவிட்டது.

"பதறாதீர்கள்," என்றார் கப்லான். "எங்கள் ஆசான்களும் கேட்டார்கள், சூரியன் என்ன அவன் ஒருவன்மேல் மட்டுமா உதிக்கும் என்று. பாவம், அவர்கள் பக்குரங்காவைப் பார்த்ததில்லை. ஆகவே அது வெயில் இல்லை, தெளிவு என்று பொருள் சொன்னார்கள். அதிலும் இரண்டு விதம். ஒன்று: அவன் பகையோடு வருகிறான் என்பது சூரியனைப் போல் தெளிவாக இருந்தால் மட்டும் அடி, சந்தேகம் என்றால் கையை இறக்கு. இரண்டு: அவன் பகையில்லாமல் வருகிறான் என்பது சூரியனைப் போல் தெளிவாக இருந்தால் மட்டும் விடு, சந்தேகம் என்றால் அடி. எது தெளிவாகத் தெரிகிறது? ஒன்றா, இரண்டா?"

"இரண்டு!" என்றார் தனபாலன், கேள்வி முடிவதற்குள்.

இரண்டுமே சட்டம்தான் என்றார் கப்லான். தோண்டி வருகிறவன் தகப்பன் என்றால் முதலாவது, ஏனென்றால் திருட வந்தாலும் தகப்பனுக்குப் பிள்ளைமேல் இரக்கம் இருக்கும், சந்தேகத்தின் பலன் அவனுக்கே. அந்நியன் என்றால் இரண்டாவது. ஆக, வருகிறவன் கையில் என்ன வைத்திருக்கிறான் என்பது அல்ல கேள்வி. அவன் உங்களுக்கு யார்? "எனக்கா? ஒருத்தனுமில்லை. மிஸ்டர் முன்சாமி," என்றார் தனபாலன். காலில் அடித்து நிறுத்த முடிகிறவனைத் தலையில் அடித்தால் அது கொலை என்றும், திறந்த வாசல் வழியே வருகிறவனுக்கு இந்தச் சட்டமே கிடையாது, போய் அவர் கதவைத் தட்டித்தான் பாருங்களேன் என்றும் கப்லான் சொன்னபோது கேட்க ஆள் இல்லை.

கப்லான் ஒன்றை மட்டும் சொல்லவில்லை. கண் பரிசோதனைக்கு வந்தவர்களின் ரகசியத்தைக் காத்துப் பழகியவர். அதே வாரம் முன்சாமியும் அதே நாற்காலியில் உட்கார்ந்து அதே கேள்வியைக் கேட்டிருந்தார். என் தரைக்கு அடியில் யாரோ சுரண்டுகிறான், நாளுக்கு நாள் நெருங்குகிறான், நான் தனி ஆள் என்றார். வெயிலோடு இருப்பவருக்கு என்ன அவசரம், இரண்டு பாதியையும் பொறுமையாகக் கேட்டார். கப்லானும் தன் ஈரத் தொப்பியை அவர் முழங்காலில் காயவைத்துக்கொண்டே சொன்னார். முன்சாமிக்கு ஒரு சந்தேகம்தான். "இருட்டுல வர்றவன் யாருன்னு எனக்கு எப்படித் தெரியும்?" கேளுங்கள் என்றார் கப்லான். அடிப்பதற்கு முன் கேளுங்கள்.

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை, மழை வானத்திலிருந்து இறங்க நேரமில்லாமல் மொத்தமாகக் கவிழ்ந்த மதியம், பின்வீட்டு டெக்கிலிருந்து வேதவள்ளியின் சிரிப்பு கேட்டது. தனபாலன் அன்றைக்குச் சாப்பிடவில்லை, ஆகவே தூக்கம் வரவில்லை. கள்ளன் வராவிட்டால் நாம் போவோம் என்று மண்வெட்டியோடு ஓட்டைக்குள் இறங்கினார். உள்ளே முன்சாமி பதித்த வடிகால் குழாய் ஒன்று நேர்த்தியாகப் போனது. அந்த நேர்த்தியைப் பார்த்தும் அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஈரச் சுவரெங்கும் தோண்டியவன் கை பதிந்திருந்தது, கூடவே ஒரு கல்மோதிரத்தின் தடமும். தன் விரல் மோதிரத்தை வைத்துப் பார்த்தார். அச்சாகப் பொருந்தியது. "அயோக்கியப் பயல், என் மோதிரத்தைக்கூடத் திருடிப் போட்டுக்கிட்டுத் தோண்டியிருக்கான்," என்று மோதிரக் கையாலேயே நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார். சிரிப்புச் சத்தம் மண் வழியே வடிந்து தலைமேல் சொட்டியது. கடைசியில் பலகை தட்டுப்பட்டது. மண்வெட்டியின் முனையால் நெம்பினார்.

மேலே அது முன்சாமியின் ஹால். தேநீர் போட உள்ளே வந்திருந்த முன்சாமி, தரைப்பலகை எழும்புவதைப் பார்த்தார். குழாய் திருகும் பெரிய ரெஞ்சு கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது, எடுத்து ஓங்கினார். பலகை விலகியது. கரிய ஓட்டை. அதிலிருந்து முதலில் வந்தது மண்வெட்டியின் கூர்.

"யாரு?"

வெயில் முன்சாமியின் தலையைச் சுற்றி நின்றதே தவிர ஓட்டைக்குள் விழவில்லை.

"அரே, யாருன்னு கேக்குறேன்! கைல ஆயுதம் தெரியுது. இன்னொரு தரம் கேக்க மாட்டேன்!"

சத்தம் கேட்டு வேதவள்ளி வடகத் தட்டோடு வாசலுக்கு ஓடிவந்து, ஓங்கிய ரெஞ்சைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். கீழே குழிக்குள் தனபாலனும் அதை அண்ணாந்து பார்த்தார். அப்போதுதான் அவருக்குச் சட்டம் முழுதாகப் புரிந்தது, அதுவும் தப்பான பக்கத்திலிருந்து. தோண்டி வந்தவன் அவர். இருட்டில் நிற்பவன் அவர். ஒன்றா, இரண்டா என்பது அவருடைய மண்டையைப் பற்றிய கேள்வி. 'ஒன்று, ஒன்று' என்று அவர் உடம்பு முழுவதும் வேண்டியது. வாயைத் திறந்து "மிஸ்டர் தன..." என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார். மிஸ்டர் என்றால் அந்நியன். அந்நியனுக்கு இரண்டாவது சட்டம். அந்த வார்த்தையை அவரேதான் கேட்டு வாங்கிக்கொண்டிருந்தார். ரெஞ்சு அசைந்தது.

"அண்ணன்டா!" என்று குழிக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. "அண்ணன்தான்டா முன்சாமி. அடிச்சிடாதடா."

ரெஞ்சு அந்தரத்தில் நின்றது. "அண்ணனா?" என்றார் முன்சாமி. "அண்ணன்னா அப்பாவுக்குச் சமானம். அப்பான்னா ஒண்ணாம் நம்பர். சந்தேகம்னா அடிக்கக் கூடாது." ரெஞ்சைக் கீழே வைத்தார். அப்போது, ஜூன் மாதத்திலிருந்து அவரைவிட்டு இம்மி நகராத வெயில் ஓரடி நகர்ந்து குழிக்குள் விழுந்தது. சேறு பூசிய பனியன், பூத்த பாசி, கையில் மண்வெட்டி, விரலில் மோதிரம் என்று தனபாலன் சூரியனைப் போல் தெளிவாகத் தெரிந்தார்.

"நான்தான் அன்னைக்கே சொன்னேனே லா, தோண்டுறது நீங்கதான்னு," என்றாள் வேதவள்ளி.

"அந்த மண்வெட்டி எதுக்குண்ணா?" என்று கேட்டார் முன்சாமி, கைகொடுத்துத் தூக்கிவிட்டபடி.

"மண்ணு... மண்ணு அள்ளத்தான்," என்றார் தனபாலன். இந்தப் பதில் சூரியனைப் போல் தெளிவானது அல்ல என்றும், ஆனாலும் தகப்பனுக்குச் சமானமானவர் சொன்னதால் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியது என்றும் கப்லான் பிற்பாடு தீர்ப்புச் சொன்னார்.

அதற்குப் பிறகு வெயில் முற்பகலில் முன்சாமியிடமும் சாப்பாட்டுக்குப் பின் தனபாலனிடமும் இருந்தது. அவர் மல்லாந்து தூங்கும்போது வேதவள்ளி வயிற்றின்மேல் துணியை விரித்து வடகம் பிழிந்துவிடுவாள், பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு மைனாவும் விரட்டுவாள். பாசி உதிர்ந்தது, செருப்பில் காளான் நின்றது. எலுமிச்சை மட்டும் கசப்பை விடவில்லை, அதை ஊறுகாய் போட்டார்கள். பொறாமை போய்விட்டதா என்றால், போகவில்லை. முன்சாமியிடம் வெயில் கொஞ்சம் கூடுதலாகத் தங்குகிறது, அவன் மடியில் காய்ந்த வடகம்தான் நன்றாகப் பொரிகிறது என்று தனபாலன் கப்லானிடம் இன்றைக்கும் முறையிடுகிறார். கப்லான் அதற்குச் சட்டம் தேடிக்கொண்டிருக்கிறார்.

சுரங்கத்தை மூடவில்லை. முன்சாமி அதற்கு முறையாகச் சரளை போட்டு, தண்ணீர் வடிய வாட்டமும் கொடுத்துவிட்டார். மழை நாட்களில் ரசப் பாத்திரம் நனையாமல் பின்வீட்டுக்குப் போக அதைவிட நல்ல வழி அந்தத் தெருவில் இல்லை. ஆறு வருஷம் கழித்து 2019இலும் தனபாலன்தான் அந்தப் பாத்திரத்தைச் சுமந்துகொண்டு போனார், வேதவள்ளி கையில் கொடுத்தனுப்ப அவருக்கு மனசு வரவில்லை. பலகை சுரண்டும் சத்தம் கேட்டால் முன்சாமி டிவியிலிருந்து கண்ணை எடுக்காமலே "யாரு?" என்பார். யார் என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் கேட்க வேண்டும் அல்லவா?

"அண்ணன்தான்," என்று கீழேயிருந்து குரல் வரும். வெயில் ஒதுங்கி இடம் கொடுக்கும்.